மோட்டார் நிற்காத காலைகள்

திருமுல்லைவாயிலில் லாவண்யாவின் தெருவுக்குப் பொழுது விடிவதே ஒரு சத்தத்தோடுதான். யார் வீட்டு மாடியிலாவது தண்ணீர்த் தொட்டி நிரம்பி, வழிகிற நீர் தொபதொபவென்று தரையில் கொட்டும். உடனே பக்கத்து வீட்டிலிருந்தோ எதிர் வீட்டிலிருந்தோ ஒரு குரல் "மோட்டாரு!" என்று கூவும். மோட்டாரைப் போட்டவர் வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு ஓடிவந்து சுவிட்சை அணைப்பார். அதுவரை ஓடிய மின்சாரமும் மண்ணில் போன தண்ணீரும் யார் மனதிலும் உறைப்பதில்லை.

லாவண்யாவுக்கு உறைத்தது. ஒன்பதாம் வகுப்பின் அறிவியல் ஆசிரியை சுசீலா மிஸ் ஒருநாள் சொன்னார்: "உங்க வீட்டுல கரண்ட்டோ தண்ணியோ வீணாப் போற இடம் ஒண்ணைக் கண்டுபிடிங்க. அதை நிறுத்தற மாதிரி ஏதாவது செய்யுங்க. கடைல வாங்கி ஒட்ட வைக்கிற வேலை வேணாம்." அந்த நிமிஷமே அவள் காதில் தொபதொபவென்று தண்ணீர் கொட்டியது.

அவள் வீட்டுத் தொட்டிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அப்பா கஜபதி வீடு கட்டியபோது பக்கத்து மனை காலியாகக் கிடந்தது. மேஸ்திரி கொஞ்சமும் யோசிக்காமல் வழிகுழாயை அந்தப் பக்கமாக நீட்டிவிட்டார். பிறகு ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை செய்யும் மோகன் அந்த மனையை வாங்கி வீடு கட்டிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து கஜபதி வீட்டுத் தொட்டி வழிந்தால் மோகன் வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில்தான் மழை.

லாவண்யாவோடு சேர்ந்துகொண்டவன் அவள் வகுப்பு விஷ்ணு. அவனுடைய மாமா அம்பத்தூர் எஸ்டேட் அருகே மெக்கானிக் கடை வைத்திருந்ததால், எந்தப் பழைய சாமான் கேட்டாலும் அவன் பையிலிருந்து வரும். காலி ஷாம்பு பாட்டில், உடைந்த குடையின் கம்பி, பழைய மிக்சியிலிருந்து கழற்றிய சுவிட்ச், ஒரு பேட்டரி, மின்சாரத்தை வெட்டிவிடும் ஒரு ரிலே. தண்ணீர் உயர்ந்தால் பாட்டில் மிதந்து எழும். எழுந்தால் கம்பி சுவிட்சை அழுத்தும். பேட்டரி ரிலேயை இழுக்கும். கீழே மோட்டார் நின்றுவிடும். அவ்வளவுதான்.

மோட்டார்ப் பக்கத்து ஒயரிங்கை மட்டும் எலக்ட்ரீஷியன் ரவிச்சந்திரன் வந்து செய்துகொடுத்தார். "பசங்க இதுல கை வெக்கக் கூடாது, ஆமா" என்று மிரட்டிவிட்டு, சுவிட்சுப் பலகையில் கூடுதலாக ஒரு சின்னப் பித்தானையும் பொருத்தினார். "இத மேல தள்ளினா உங்க மெஷின். கீழ தள்ளினா பழையபடி டைரக்டு. உங்க மெஷின் மக்கர் பண்ணா ஊட்ல தண்ணி இல்லாம நிக்கக் கூடாதுல்ல?"

பூந்தமல்லியில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு குழுதான் போக முடியும். மிச்சமிருந்தவை இரண்டு. ஒன்று இவர்களுடையது, இன்னொன்று 'பி' பிரிவு மாணவர்கள் பழைய சிடி தட்டுகளை ஒட்டிச் செய்திருந்த சூரிய அடுப்பு.

"அடுப்புல நேத்து முட்டை வெந்துடுச்சு" என்றார் சுசீலா மிஸ். "உங்களுதை அடுத்த வெள்ளிக்கிழமை காலைல நானே வீட்டுக்கு வந்து பாக்கறேன். என் கண்ணு முன்னாடி ஒரு சொட்டு வழிஞ்சாலும் அடுப்புதான் போகும், சொல்லிட்டேன்."

சனிக்கிழமை மாலை அம்மா ரேவதி மோட்டாரைப் போட்டாள். தொட்டி நிரம்பியது. டக். மோட்டார் நின்றது. ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. விஷ்ணு மாடியிலேயே ஒரு குத்தாட்டம் போட்டான்.

ஞாயிறு காலை தொட்டி வழிந்தது. பக்கத்துச் சந்திலிருந்து மோகனின் குரல் வழக்கம்போல் கேட்டது: "மோட்டாருங்க!"

லாவண்யா கண்ணைக் கசக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். பாட்டில் ஒழுங்காக மிதந்தது. கம்பி சுவிட்சை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. கீழே வந்து பார்த்தால் சின்னப் பித்தானும் மேல் பக்கமாகவே இருந்தது. அன்று மாலை அம்மா போட்டபோது மறுபடியும் தானாக நின்றது. திங்கள் காலை மறுபடியும் வழிந்தது.

"காலைல மட்டும் கெட்டுப்போற மெஷின் எதுனா உலகத்துல கீதா?" என்று தலையைச் சொறிந்தான் விஷ்ணு. "பனில ஒயர் ஈரமாவுதோ?"

"மூடி போட்டிருக்கமே."

"காலைல வோல்டேஜ் ஜாஸ்தி. ரிலே பயந்துடுச்சு."

"ரிலே பயப்படுமாடா?"

"அப்ப காக்கா. காக்கா வந்து கம்பில குந்துது. எங்க மாமா சொல்லும், எந்த ரிப்பேருக்கும் கடைசில ஒரு காக்காதான் காரணம்னு."

திங்கட்கிழமை மாலை முழுவதும் இருவரும் கருவியைப் பிரித்துப் பிரித்துக் கோத்தார்கள். கோளாறு எதுவும் கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் மூட்டை கட்டும்போதுதான் லாவண்யாவுக்கு ஒன்று பொறி தட்டியது. மாலையில் மோட்டார் போடுவது அம்மா. காலையில் போடுவது அத்தை. மெஷினுக்குக் காலை மாலை தெரியாது, ஆள் மாறுகிறது.

ஷர்மிளா அத்தை அப்பாவின் தங்கை. முப்பதைத் தாண்டியாயிற்று. எஸ்டேட்டில் ஓர் ஏற்றுமதித் துணி நிறுவனத்தில், தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிக்கிற வேலை. வீட்டிலும் அப்படித்தான். லாவண்யாவின் சடைப்பின்னலில் ஒரு கால் பிசகினாலும் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னுவாள். வெகு நாள் முன்பு நிச்சயம் வரை போன ஒரு கல்யாணம் நின்றுபோனது. அதன் பிறகு பெண் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால் அத்தைக்கு அன்றைக்கென்று ஓவர்டைம் வந்துவிடும். அப்பாவும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

அப்படிப்பட்ட அத்தை சுவிட்சைத் தவறாகத் தொடுவாளா? தொட்டாலும் சொல்ல மாட்டாளா?

"சந்தேகம்னு வந்துட்டா செக் பண்ணிடணும்" என்றான் விஷ்ணு. "சயின்ஸுக்கு அத்தையாவது சொத்தையாவது."

துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் இரண்டு துளி எடுத்து, தேங்காயெண்ணெயில் குழைத்து, அந்தச் சின்னப் பித்தானின் அடிப்புறத்தில் தடவினார்கள். கீழே தள்ளிவிட்டுத் திரும்ப மேலே தள்ளுகிறவர் விரலில் மட்டும்தான் அது ஒட்டும்.

செவ்வாய் காலை தொட்டி வழிந்தது. மோகனின் குரல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அத்தை வந்து லாவண்யாவின் தட்டில் தோசையை வைத்தாள். அவளுடைய வலது கட்டைவிரல் நுனி, கண்ணன் சிலையைப்போல் நீலமாக இருந்தது.

"விரல்ல என்ன அத்த?"

அத்தை விரலைப் பார்த்தாள். முந்தானையில் தேய்த்தாள், போகவில்லை. "பேனா மை" என்று சொல்லிவிட்டு, மிளகாய்ப்பொடியை வைக்க மறந்து உள்ளே போய்விட்டாள்.

பள்ளியில் இதைச் சொன்னதும் விஷ்ணுவின் கண்கள் விரிந்தன. "சரி, யாருன்னு தெரிஞ்சிடுச்சி. ஏன்? அதான் மேட்டர். உங்க அத்தைக்கு நம்ம மேல இன்னா காண்டு?"

லாவண்யாவையும் அந்த 'ஏன்'தான் அரித்தது. கோபம்கூட வரவில்லை. சட்டையில் அரை நூல் பிரிந்தாலும் பொறுக்காத அத்தை, ஒரு தொட்டித் தண்ணீரை வேண்டுமென்றே வழியவிடுகிறாள் என்றால் அதற்குள் என்னவோ இருக்கிறது.

புதன்கிழமை விடிந்ததும் விடியாததுமாக அவள் மாடியேறி, தொட்டிக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்தாள். சொல்லிவைத்தபடி விஷ்ணுவும் சைக்கிளில் வந்து சேர்ந்தான். அம்மா கேட்டதற்கு "சயின்ஸு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு அவனும் மேலே வந்து குந்தினான். எட்டிப் பார்த்தால் மதிற்சுவரின் இரண்டு பக்கமும் தெரிந்தது.

கீழே அத்தை வாசலில் கோலம் போட்டு முடித்து, சுவிட்சுப் பலகை இருந்த தங்கள் பக்கத்துச் சந்துக்குள் வந்தாள். சின்னப் பித்தானைக் கீழே தள்ளி மோட்டாரைப் போட்டாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். முந்தானை மடிப்பைச் சரிசெய்துகொண்டு, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மோகன் ஏற்கெனவே நின்றிருந்தார். குளித்து முடித்து, தொழிற்சாலைக்குப் போகும் காக்கிப் பேண்ட்டோடு, கையில் காப்பி டம்ளர். தொட்டி இன்னும் நிரம்பவே இல்லை. அவர் வழிகுழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல.

தண்ணீர் கொட்டியது. அவர் இரண்டடி தள்ளி நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மோட்டாருங்க!" என்றார்.

"தோ, நிறுத்திட்டேங்க." அத்தை மோட்டாரை நிறுத்தி, பித்தானை மேலே தள்ளிவிட்டு, துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றாள். சுவருக்கு மேலே அவள் முகம் தெரிந்தது. "ரொம்பக் கொட்டிடுச்சாங்க?"

"அதெல்லாம் இல்லீங்க. வாழைக்குத்தானே போகுது." அவர் பக்கத்தில் ஆளுயரத்துக்கு மூன்று வாழைகள் தளதளவென்று நின்றன. "இருமல் எப்படி இருக்குங்க?"

"பரவால்லீங்க. நீங்க சொன்னாப்பல மிளகு தட்டிப் போட்டேன்."

"பனில நிக்காதீங்க."

"நீங்களும்தான் நிக்கறீங்க."

அவ்வளவுதான் பேச்சு. அவர் காப்பியைக் குடித்தார். அத்தை கல்லிலிருந்து இறங்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினாள்.

விஷ்ணு வாயைப் பொத்திக்கொண்டான். "எங்க தெருவுல பக்கத்து ஊட்டுத் தண்ணி செவுத்துல பட்டாலே மண்ட ஒடையும். இந்த மனுஷன் தண்ணி கொட்ற எடத்துல வாழ நட்டுக்கினு சிரிக்கிறாரு. இது இன்னா தெரியுமா? இது..."

"வாயை மூடு."

"நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இது காக்கா இல்ல."

லாவண்யாவுக்கு ஒன்றின் பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. போன வருஷம் அப்பா, "பாவம், அந்த ஆள் வாய தொறந்து ஒரு வார்த்தை கேக்கல" என்று குழாயை இந்தப் பக்கம் திருப்ப எல்போ என்கிற வளைவுத் துண்டு ஒன்றை வாங்கி வந்தார். மறுநாள் அதைக் காணவில்லை. வீடே தேடியது. பொங்கலன்று கோலமாவு டப்பாவில் கைவிட்டபோது அடியில் வளைவாக ஏதோ தட்டுப்பட்டது, அவள்தான் பொருட்படுத்தவில்லை.

அன்று மாலை அத்தை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். லாவண்யா கோலமாவு டப்பாவிலிருந்து எடுத்து வந்த எல்போவைக் கொடியின் மேல் மாட்டினாள். அது மாவு உதிர ஊசலாடியது.

அத்தை துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டாள். "யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"விஷ்ணுவுக்குத் தெரியும். அவன் சொல்ல மாட்டான். மிஸ் கேட்டதுக்குக் காக்கான்னு சொல்லிட்டேன்."

"உன் மெஷினைக் கெடுத்துட்டேன்ல?" அத்தையின் குரல் இறங்கியது. "உனக்குப் போட்டின்னு தெரிஞ்சும் செஞ்சிருக்கேன் பாரு. நாளைலேந்து தொட மாட்டேன்டி. சத்தியமா."

"அதுக்குக் கேக்கல அத்த. பேசணும்னா பேசலாமே? எதுக்குத் தண்ணி?"

அத்தை சிரித்தாள். சிரிப்பில் கொஞ்சம் ஈரம் இருந்தது. "என்னன்னு சொல்லிப் பேசறது? செவுத்து மேல எட்டிப் பாத்து, 'ஏங்க, சும்மாதான் கூப்பிட்டேன்'னா? தண்ணி கொட்டினா அவரு கூப்பிடலாம், நான் பதில் சொல்லலாம். அதுல தப்பு சொல்ல யாருக்கும் ஒண்ணும் இல்ல." ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அவரும் அப்படித்தான். தங்கச்சிங்களுக்கெல்லாம் செஞ்சு முடிச்சுட்டுத் திரும்பிப் பாத்தா வயசு போயிடுச்சுன்னு நெனைக்கிற ஆளு. வாயத் திறக்க மாட்டாரு."

வியாழன் காலை அத்தை சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பித்தான் மேலேயே இருந்தது. தொட்டி நிரம்பியது. டக். மோட்டார் நின்றது. குழாயிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை.

லாவண்யா மாடியிலிருந்து பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மோகன் டம்ளரோடு அண்ணாந்து நின்றார். கூப்பிட அவருக்கு ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் அத்தை துவைகல்லின் அருகே கைகட்டி நின்றாள். பதில் சொல்ல அவளுக்கும் ஒன்றுமில்லை. ஒரே ஒரு சுவர் இருவருக்கும் நடுவே. மோகன் காப்பியைக் குடிக்காமலே வாழையடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனார். அத்தை அன்று சட்னிக்கு உப்புப் போடவில்லை.

நாலு நாளாகக் காலையில் லாவண்யா கேட்கத் தவித்த 'டக்' அது. கேட்டும் அவளுக்குக் குத்தாட்டம் போடத் தோன்றவில்லை.

வகுப்பில் பாதி நேரம் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் விஷ்ணுவைப் பிடித்தாள். "டேய், நம்ம மெஷின்ல ஒரு குறை இருக்கு."

"இன்னா குறை? அதான் காலைல சூப்பரா நின்னுச்சே."

"நிக்குது. ஆனா நிரம்பிடுச்சுன்னு யாருக்கும் சொல்ல மாட்டேங்குது. ஒரு பெல் வேணும். குழாய்க்குப் பக்கத்துல, அந்தப் பக்கம் பாத்த மாதிரி."

விஷ்ணு அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பாயிற்று. "மாமா கடைல ஒரு காலிங் பெல் கீது. குருவி கத்தும்." சிரிப்பு பாதியில் நின்றது. "ஆனா ஒண்ணு. பேட்டரி ஒண்ணுதான். பெல்லும் அதுலயே ஓடினா ரிலே இழுக்க பலம் பத்தாம போலாம். மிஸ் முன்னாடி கொட்டிச்சுன்னா அவ்ளோதான். அடுப்பு பூந்தமல்லிக்குப் போவும், நாம ஊட்டுக்குப் போவோம்."

"பெரிய பேட்டரி?"

"மாமாகிட்ட கேட்டா அடுத்த வாரம்னு சொல்லும்."

லாவண்யா யோசித்தாள். வெறும் மெஷினோடு போனால் நாளைக்கு ஜெயிப்பது நிச்சயம். அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும், அத்தை துவைகல்லின் பக்கத்தில் கைகட்டி நிற்பாள்.

"மாட்டுடா பெல்லை" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை சுசீலா மிஸ் ஹெல்மெட்டைக் கழற்றியபடி வந்து சேர்ந்தார். மாங்காட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்த குளிரில் மூக்கு சிவந்திருந்தது. அம்மா காப்பி கொடுத்தாள். அப்பா, "எம்பொண்ணு செஞ்சது மிஸ், பாருங்க" என்று சந்தில் நாற்காலி போட்டார். அத்தை சமையலறை வாசலிலேயே நின்றாள். பெல்லைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"யாராச்சும் மோட்டார் போடுங்க" என்றார் மிஸ்.

"அத்தை போடுவாங்க மிஸ். காலைல அவங்க முறை."

அத்தை லாவண்யாவை முறைத்துக்கொண்டே வந்து போட்டாள். பித்தான் மேலேயே இருந்தது. மோட்டார் உறுமியது. மாடிப்படியில் விஷ்ணு ஒரு கையில் கைப்பிடிச் சுவரையும் மறு கையில் சாமி கயிற்றையும் பிடித்துக்கொண்டிருந்தான்.

சட்டென்று மேலேயிருந்து குருவி கத்தியது. கீச் கீச் கீச். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி.

மோட்டார் நிற்கவில்லை.

உறுமல் தொடர்ந்தது. மிஸ் குழாயை அண்ணாந்து பார்த்தார். குழாயின் வாயில் ஒரு துளி திரண்டு, பளபளத்து, தொங்கியது.

டக்.

உறுமல் அடங்கியது. துளி கீழே விழவா வேண்டாமா என்று நின்றுவிட்டு, குழாயோடு ஒட்டிக்கொண்டு காய ஆரம்பித்தது. குருவி மட்டும் இன்னும் இரண்டு முறை கத்தி ஓய்ந்தது.

அந்த நிசப்தத்தில் சுவருக்கு அப்பாலிருந்து ஒருவர் செருமுவது கேட்டது.

"மோட்டாருங்க!"

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அத்தை தன்னையறியாமல், துவைகல்லின் மேல் ஏறினாள். "அது... தானே நின்னுடுச்சுங்க."

"தெரியுங்க" என்றார் மோகன். "சும்மாதான் கூப்பிட்டேன்."

அத்தையின் காது மடல் சிவந்தது.

சுசீலா மிஸ் மெதுவாக லாவண்யாவின் பக்கம் திரும்பினார். "மோட்டார் தானா நிக்குதே. பெல் எதுக்கு? பேட்டரிதானே வீண்?"

அவள் ராத்திரி மனப்பாடம் செய்திருந்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை. "மிஸ், முன்னாடி தொட்டி ரொம்பினா ஒருத்தர் சொல்வாங்க, ஒருத்தர் ஓடி வருவாங்க. மெஷின் வந்ததும் அது நின்னுபோச்சு. நின்னுபோனா மனுஷங்க மெஷினைத்தான் ஆஃப் பண்றாங்க. நாங்க பாத்தோம். பெல் இருந்தா தண்ணி போகாது, ஆனா..." அவள் சுவரைப் பார்த்தாள். "மத்ததெல்லாம் இருக்கும்."

மிஸ் துவைகல்லைப் பார்த்தார். அதன் மேல் நின்ற பெண்ணைப் பார்த்தார். சுவருக்கு மேலே எட்டித் தெரிந்த வாழையிலைகளைப் பார்த்தார். காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"கண்காட்சில ஜட்ஜு இதே கேள்வி கேப்பாங்க" என்றார். "இதையே சொல்லு. பேட்டரியை மட்டும் மாத்திடு. அந்தத் துளி விழுந்திருந்தா அடுப்புதான் போயிருக்கும்."

விஷ்ணு படியிலிருந்து மூன்று படி ஒரேயடியாகக் குதித்தான்.

அந்தச் சத்தத்தில் யாரும் அத்தையைக் கவனிக்கவில்லை, லாவண்யாவைத் தவிர. அத்தை சுவரின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். தைத்த சட்டையில் குறை தேடுகிறபோது முகத்தில் வருகிற அந்தத் தீர்மானம் இப்போது வந்திருந்தது.

"இன்னும் எத்தனை நாளைக்குங்க செவுத்துக்கு அந்தாண்டயே நிப்பீங்க?" என்றாள். "வாசல் பக்கமா வாங்க. அண்ணன் இருக்காரு."

அந்தப் பக்கம் டம்ளர் ஒன்று உருளும் சத்தம் கேட்டது. கதவு ஒன்று சாத்திக்கொண்டது. அத்தை கல்லிலிருந்து இறங்கினாள். யார் முகத்தையும் பார்க்காமல் முந்தானையால் கையைத் துடைத்தாள். கையில் ஈரமே இல்லை.

அப்பா தங்கையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெல்ல, "அப்ப அந்த எல்போ..." என்று ஆரம்பித்தார்.

"கோலமாவு டப்பால இருந்துச்சுப்பா" என்றாள் லாவண்யா.

"ஓஹோ" என்றார் கஜபதி. உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

வெகு நேரம் யாரும் வரவில்லை. மிஸ் கிளம்ப மறந்து உட்கார்ந்திருந்தார். கடைசியில் கேட்டின் கொண்டி கிறீச்சிட்டது. அத்தை போட்ட கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு மோகன் உள்ளே வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. பித்தான்கள் ஒன்று தள்ளி மாட்டியிருந்தன.

அத்தையின் பார்வை நேரே அங்கேதான் போனது. சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லாமல் விட்டுவிட்டு, காப்பி கலக்க உள்ளே போனாள்.